விழாமலே முறிந்த கால்

மாடிப்படியில் உருண்டு காலை ஒடித்துக்கொள்ளலாம். குளியலறையில் வழுக்கி ஒடித்துக்கொள்ளலாம். அடுத்த வீட்டு மாமரத்தில் ஏறினால், மாங்காய் கிடைக்காவிட்டாலும் ஒடிந்த கையாவது நிச்சயம் கிடைக்கும். இதெல்லாம் நமக்குத் தெரிந்த சங்கதிகள். ஆனால் எங்கும் விழாமல், யாரிடமும் அடிபடாமல், ஒரு கல்கூடத் தடுக்காமல், சும்மா ஓடிக்கொண்டும் நடந்துகொண்டும் இருக்கிற ஒருவனுடைய கால் எலும்பு விரிந்துபோகும் என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்களா?

எங்கள் தெருவில் ஒருவரும் நம்பவில்லை.

எங்கள் வீட்டுக்கு மூன்றாம் வீட்டுப் பையனுக்கு வயது 21. பி.காம். பாஸ் செய்துவிட்டுப் போலீஸ் கான்ஸ்டபிள் வேலைக்கு மனுப் போட்டிருந்தான். எழுத்துப் பரீட்சையில் தேறியும் விட்டான். பாக்கி இருந்தது ஓட்டம். 1,500 மீட்டர் தூரத்தை 7 நிமிஷத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். அதுவரை அவன் ஓடிய ஓட்டமெல்லாம் கல்லூரி பஸ்ஸைப் பிடிக்க ஓடியதுதான். பரீட்சை முடிவு வந்த மறுநாளே, விடியற்காலை 5 மணிக்குத் தார் ரோட்டில் இறங்கிவிட்டான். காலையில் 5 கிலோமீட்டர், மாலையில் 5 கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமைகூட விடுமுறை கிடையாது. பால் வாங்க வருகிறவர்கள் எல்லோரும் அவனைக் காட்டித் தங்கள் பிள்ளைகளைத் திட்டினார்கள்.

நாலாவது வாரம் வலது காலில் வலி கண்டது. முழங்காலுக்குக் கீழே, முன்பக்க எலும்பின் உட்புறத்தில் ஒரே ஓர் இடத்தில். ஓடினால் வலிக்கும், உட்கார்ந்தால் நின்றுவிடும். அம்மா நல்லெண்ணெயைச் சுடவைத்து அழுத்தி உருவிவிட்டாள். மறுநாள் வலி கூடிற்று. ஆஸ்பத்திரிக்குப் போய் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பில் ஒன்றுமில்லை என்று சொல்லி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

"எக்ஸ்ரேயிலே ஒண்ணும் இல்லேன்னு சொல்லிட்டாங்களே. அப்புறம் என்னடா வலி?" என்றார் அப்பா.

"வலிக்குதுப்பா."

"ஓடறதுக்குப் பயமா இருந்தா அதைச் சொல்லிட்டுப் போயேன்!"

கால் வலியைவிட இந்தப் பேச்சுதான் பையனுக்கு அதிகமாக வலித்திருக்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் பத்து நாள் ஓடினான். பதினோராவது நாள் வாசற்படி இறங்க முடியவில்லை. மறுபடி எக்ஸ்ரே எடுத்தார்கள். முதல் படத்தில் சுத்தமாயிருந்த அதே இடத்தில் இப்போது மெல்லியதாக ஒரு கோடு; அதன் ஓரத்தில் புகை படிந்தாற்போல் வெள்ளையாக ஒரு பூச்சு. "ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர்" என்றார் டாக்டர். எலும்பு விரிசல் என்று நாம் வைத்துக்கொள்ளலாம்.

தேர்வு நாளன்று பையன் ஊன்றுகோலும் கையுமாகத் திண்ணையில் உட்கார்ந்திருந்தான். முதலிலேயே ஓய்வு எடுத்திருந்தால் தேறியிருப்பானா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அந்த வீட்டில் 'பயம்' என்ற வார்த்தை எழுந்திராது. அப்பா அதைப்பற்றி அப்புறம் ஒன்றும் பேசவில்லை. தினம் காலையில் பையனுடைய காப்பியை மட்டும் அவரே கொண்டுவந்து திண்ணையில் வைப்பார்.

முதல் படத்தில் இல்லாத விரிசல் இரண்டாவது படத்தில் எங்கிருந்து வந்தது? இந்த மர்மத்துக்கு வயது 170-க்கு மேல் ஆகிறது. அந்த நாளில் இன்றைய ஜெர்மனியின் ஒரு பகுதி பிரஷ்யா என்ற ராஜ்யமாக இருந்தது. கண்டிப்பான பட்டாளத்துக்குப் பேர்போன ராஜ்யம். அந்தப் பட்டாளத்து டாக்டர் பிரைட்ஹாப்ட் என்பவர் 1855-ல் ஒரு விஷயத்தை எழுதிவைத்தார். நீண்ட தூரம் அணிவகுத்து நடக்கும் சிப்பாய்களுக்குப் புறங்கால் வீங்குகிறது, வலிக்கிறது, ஆனால் அடிபட்ட அடையாளம் ஒன்றுமில்லை என்று கண்டார். தசைநாண்களின் உறையில் ஏதோ அழற்சி என்று அவர் நினைத்தார். தோலுக்கு உள்ளே பார்க்க அப்போது வழி ஏது? வீங்கின காலைக் காட்டி "முடியவில்லை ஐயா" என்று நின்ற சிப்பாயை எத்தனை அதிகாரிகள் நம்பியிருப்பார்கள் என்பதை வாசகர்களின் ஊகத்துக்கே விட்டுவிடுகிறேன்.

1895-ல் ரான்ட்ஜன் எக்ஸ்ரே கதிர்களைக் கண்டுபிடித்தார். இரண்டே வருஷத்தில், 1897-ல், ஸ்டெச்சோ என்ற இன்னொரு ராணுவ டாக்டர் அந்த வீங்கின பாதங்களைப் படம் பிடித்துப் பார்த்தார். விரல்களுக்குப் பின்னால் பாதத்தில் ஐந்து நீள எலும்புகள் இருக்கின்றன அல்லவா? அவற்றில் முறிவு தெரிந்தது. சிப்பாய்கள் சொன்னது நிஜம் என்று நிரூபணமாக 42 வருஷம் பிடித்தது! 'மார்ச் ஃபிராக்சர்', அதாவது அணிநடை முறிவு என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது.

சரி, விழாமல் எப்படி முறிகிறது? ஒரு கம்பியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே இழுப்பில் அதை அறுக்க பீமசேனன் வர வேண்டும். ஆனால் வளைத்து நிமிர்த்தி, வளைத்து நிமிர்த்திக் கொண்டிருந்தால் ஒரு குழந்தைகூட ஒடித்துவிடும். பிரைட்ஹாப்ட் சிப்பாய்களின் காலைப் பார்த்துக்கொண்டிருந்த அதே காலத்தில், அதே பிரஷ்யாவில், வோலர் என்ற ரயில்வே என்ஜினீயர் ரயில் வண்டிகளின் அச்சு ஏன் திடீரென்று ஒடிகிறது என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்தார். ஒரே தடவையில் இரும்பு சுலபமாகத் தாங்கக்கூடிய பாரமே, லட்சக்கணக்கான தடவை ஏறி ஏறி இறங்கினால் அதை ஒடித்துவிடும் என்று அவர் சோதனை செய்து காட்டினார். ஒரே ராஜ்யத்தில் ஒருவர் இரும்பைப் பற்றியும் ஒருவர் காலைப் பற்றியும் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள்.

நம் பையனின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஓடும்போது ஓர் அடிக்கு ஏறக்குறைய 1 மீட்டர். 10 கிலோமீட்டருக்கு 10,000 அடி. வலது காலுக்கு 5,000. ஒவ்வோர் அடியிலும் உடம்பின் எடையைப்போல் இரண்டு மடங்குக்கு மேற்பட்ட விசை தரையிலிருந்து காலில் ஏறுகிறது. பையன் 60 கிலோ. நாலு வாரத்தில் அந்த ஒரு காலில் மட்டும் 1,40,000 தடவை இந்த மொத்து விழுந்திருக்கிறது!

அப்படியானால் ஓடுகிறவர்கள் எல்லோருடைய காலும் அல்லவா ஒடிய வேண்டும்? ஒடிவதில்லை. காரணம், எலும்புக்கு உயிர் இருக்கிறது. இரும்பு தன்னைத்தானே ரிப்பேர் செய்துகொள்ளாது, எலும்பு செய்துகொள்ளும். நுண்ணிய கீறல் விழுந்த இடத்துக்கு ஒரு வகை உயிரணுக்கள் வந்து பழைய எலும்பை அரித்து எடுக்கும். பிறகு வேறு வகை உயிரணுக்கள் வந்து புது எலும்பை அடுக்கும். சுவரில் பழைய காரையைப் பெயர்த்துவிட்டுப் புதுக் காரை பூசுவது போலத்தான். நம் ஊரில் ரோட்டைத் தோண்டுகிறவர்கள் மாதிரி தோண்டிவிட்டு மறந்துவிடுகிற வழக்கம் எலும்பிடம் கிடையாது. ஒழுங்காக மூடிவிடும். ஆனால் நேரம் வேண்டும். பெயர்த்தெடுக்கும் வேலை சுமார் மூன்று வாரத்தில் முடிந்துவிடுகிறது. அந்தப் பள்ளத்தை அடைத்துக் கெட்டிப்படுத்துவதற்கோ சுமார் மூன்று மாதம் பிடிக்கிறது.

சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. திடீரென்று ஓட ஆரம்பித்தவனுடைய எலும்பு, மூன்றாவது நாலாவது வாரத்தில், முதல் நாள் இருந்ததைவிடப் பலவீனமாக இருக்கும். உள்ளே ரிப்பேர் நடக்கிறது; பெயர்த்த இடம் இன்னும் பூசப்படவில்லை. ஆனால் அதே சமயத்தில் தசைகள் முறுக்கேறி, மூச்சு வாங்குவது குறைந்து, பையனுக்கு உற்சாகம் பொங்கும். 'இன்னும் இரண்டு கிலோமீட்டர் ஓடலாமே!' என்று தோன்றும். தசை அவசரக்காரன், எலும்பு சாவகாசமான ஆசாமி. அவசரக்காரன் பேச்சைக் கேட்டுச் சாவகாசக்காரன் தலையில் பாரத்தை ஏற்றினால் விரிசல் விழாமல் என்ன செய்யும்?

எக்ஸ்ரே ஏன் காட்டிக்கொடுக்கவில்லை என்பதும் இப்போது விளங்கும். ஆரம்பத்தில் விரிசல் மயிரிழையைவிட மெல்லியது. படத்தில் விழாது. இரண்டு மூன்று வாரம் கழித்து எலும்பு அந்த இடத்தைச் சுற்றிப் புதுப் பூச்சுப் பூச ஆரம்பித்த பிறகுதான் வெள்ளையாகத் தெரியும். சிலருக்குக் கடைசி வரையில் தெரிவதும் இல்லை. எம்.ஆர்.ஐ. படம் எடுத்தால் எலும்புக்குள் நீர்கோத்திருப்பதை ஆரம்பத்திலேயே பார்த்துவிடலாம். ஆனால் அதற்கு ஆகிற செலவு எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. ஆகையால் அனுபவமுள்ள டாக்டர்கள் பல சமயம் படத்துக்குக் காத்திராமல், சந்தேகத்தின் பேரிலேயே ஓய்வு கொடுத்துவிட்டு, இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். 'படத்தில் ஒன்றுமில்லை' என்றால் 'காலில் ஒன்றுமில்லை' என்று அர்த்தம் பண்ணிக்கொள்ளக் கூடாது. வீட்டுப் பெரியவர்கள் இதைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொண்டால் புண்ணியம் உண்டு.

ஓடுகிறவர்களுக்கு முழங்காலுக்குக் கீழே வருகிற வலியெல்லாம் விரிசலா என்றால், அப்படியும் இல்லை. எலும்பின் உள்ஓரத்தில் நாலைந்து விரற்கடை நீளத்துக்குப் பரவலாக வலிப்பது, ஓடி உடம்பு சூடேறினதும் குறைவது, இவை பெரும்பாலும் தசை இழுக்கிற இடத்து நோவு. அது அவ்வளவு பொல்லாதது அல்ல. 'எங்கே வலிக்கிறது?' என்று கேட்டால் உள்ளங்கையால் தடவிக் காட்டாமல், ஒற்றை விரலை வைத்து 'இங்கே' என்று சொன்னால்தான் சந்தேகப்பட வேண்டும். விரல் வைத்த இடத்தில் எலும்பை அழுத்தினால் சுரீரென்று வலிக்கும். ஓட ஓட வலி ஏறும். நாளாக ஆக நடந்தாலும் வலிக்கும். கடைசியில் ராத்திரி படுக்கையிலும் வலிக்கும்.

முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பின் உள்ஓரம், புறங்காலின் நடு எலும்புகள், குதிகால் எலும்பு இவற்றில் வருகிற விரிசல்கள் சொன்னபடி கேட்பவை. ஓய்வு கொடுத்தால் கூடிவிடும். சொன்னபடி கேட்காத சில இடங்களும் உண்டு: அந்தப் பெரிய எலும்பின் முன்விளிம்பு, பாதத்தின் மேல்வளைவில் கணுக்காலுக்கு முன்னால் படகு வடிவமாக இருக்கும் சிறிய எலும்பு, சுண்டுவிரலுக்குப் பின்னால் இருக்கும் நீள எலும்பின் அடிப்பாகம். இங்கெல்லாம் ரத்த ஓட்டம் குறைவாக இருக்கும், அல்லது எலும்பு ஓயாமல் இழுபடும். ஆறுவதற்கு நாள் பிடிக்கும். சில சமயம் ஆணி வைத்து ஆபரேஷனும் தேவைப்படும். சீனாவின் கூடைப்பந்து வீரர் யாவ் மிங், 7 அடி 6 அங்குல உயரம், எப்பேர்ப்பட்ட ஆள்! 2008-ல் அவருடைய இடது பாதத்தில் இப்படி விரிசல் வந்தது. சிகிச்சை செய்துகொண்டு அதே வருஷம் பெய்ஜிங் ஒலிம்பிக்ஸில் விளையாடினார். மறு வருஷம் பாதம் மறுபடி முறிந்தது; அடுத்தாற்போல் கணுக்காலில் விரிசல். 2011-ல், 30 வயதில், ஆட்டத்திலிருந்தே விலகிவிட்டார்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது தொடை எலும்பின் கழுத்தில், இடுப்பு மூட்டுக்கு அருகில் வருகிற விரிசல். அது தொடை இடுக்கில் வலிக்கும். தசைப் பிடிப்பு என்று நினைத்து ஏமாந்துவிடுவோம். ஓடிப் பழகுகிறவர்களுக்குத் தொடை இடுக்கில் வலித்து, அந்தக் காலை ஊன்றவே கஷ்டமாக இருந்தால், எண்ணெய் தேய்த்துப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். அன்றைக்கே, காலை ஊன்றாமல், எலும்பு டாக்டரிடம் போய்விட வேண்டும். விரிசல் முழு முறிவாகி விலகிவிட்டால், தொடை எலும்பின் தலைக்குப் போகும் ரத்தமே தடைப்படலாம்.

சாதாரண விரிசலுக்கு மருந்து என்ன? ஓய்வுதான். இதைக் கேட்டதும் பல பேருக்கு முகம் சப்பென்று ஆகிவிடும். நாலு ஊசி, எட்டு மாத்திரை, ஒரு பெரிய கட்டு என்றால்தான் வைத்தியம் நடந்த திருப்தி. பொதுவாக ஆறிலிருந்து எட்டு வாரம் ஓடுவதை நிறுத்த வேண்டும். நடந்தாலே வலித்தால் ஊன்றுகோல், அல்லது கால் வளையாமல் தாங்கும் பூட்ஸ். வலியில்லாமல் முடியுமானால் நீந்தலாம், சைக்கிள் மிதிக்கலாம். மூச்சுப் பயிற்சி வீணாகாது. வலி மாத்திரையை விழுங்கிவிட்டு ஓடுவது மட்டும் கூடவே கூடாது. வாசலில் நின்று குரைக்கிற நாயை அடித்து விரட்டிவிட்டுத் திருடனுக்குக் கதவைத் திறந்துவைப்பது போன்ற காரியம் அது. உருவிவிடுவதும் வேண்டாம். பூசின ஈரக் காரையை யாராவது தேய்ப்பார்களா?

"பி.வி. சிந்து கால் எலும்பில் விரிசலோடு தங்கப் பதக்கம் வாங்கினாரே!" என்று பையனுடைய சிநேகிதன் ஒருவன் என்னிடம் சண்டைக்கு வந்தான். வாஸ்தவம்தான். 2022 ஆகஸ்டில் பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில், கால் இறுதி ஆட்டத்திலேயே அவருக்கு வலி கண்டுவிட்டது. இறுதி ஆட்டம் வரை ஆடி ஜயித்தார். ஊர் திரும்பி எம்.ஆர்.ஐ. எடுத்தபோது இடது காலில் விரிசல். பத்திரிகைகள் தங்கத்தைக் கொட்டை எழுத்தில் போட்டன. அப்புறம் நடந்தது சின்ன எழுத்தில்தான் வந்தது. அந்த மாதமே நடந்த உலகச் சாம்பியன் போட்டிக்கு அவர் போகவில்லை. மறுபடி சர்வதேசப் பந்தயத்தில் இறங்கியது 2023 ஜனவரியில். பக்கத்திலேயே வைத்தியர்களும் பயிற்சியாளர்களும் இருந்த ஒருவருக்கு ஐந்து மாதம்! தார் ரோட்டில் தனியாக ஓடுகிற பையன் எதைப் பின்பற்ற வேண்டும், ஆகஸ்டையா, அதற்குப் பிந்திய ஐந்து மாதத்தையா?

பெண் குழந்தைகளைப் பெற்ற தாய்மார்களிடம் ஒரு வார்த்தை. சங்கோசப்பட வேண்டிய விஷயமில்லை. ஓட்டப் பந்தயத்துக்கோ நாட்டியத்துக்கோ கடுமையாகப் பழகுகிற சில பெண்கள், உடம்பு மெலிந்திருக்க வேண்டும் என்று சாப்பாட்டைக் குறைத்துக்கொள்கிறார்கள். உழைப்புக்கு ஏற்ற உணவு இல்லாவிட்டால் உடம்பு சிக்கனம் பிடிக்கத் தொடங்கும். மாதவிலக்கு நின்றுபோகும். 'பயிற்சி நாளில் தொந்தரவு இல்லை' என்று பெண்ணும் சந்தோஷப்படுவாள்; அம்மாவும் விட்டுவிடுவாள். அது சந்தோஷப்பட வேண்டிய செய்தியல்ல. எலும்பைக் காக்கிற சுரப்பு நீர் வற்றிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அது அபாய மணி. மூன்று மாதம் வராவிட்டால் டாக்டரிடம் அழைத்துப்போக வேண்டும். சாப்பாட்டுக் குறைவினால் வரும் இந்தக் கேடு ஆண் விளையாட்டுக்காரர்களையும் பிடிக்கும் என்று சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் நிபுணர்கள் 2014-ல் எடுத்துக் காட்டினார்கள்.

அமெரிக்கக் கடற்படையில் புதிதாகச் சேர்ந்த சுமார் 5,200 பெண்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். பாதிப் பேருக்குக் கால்ஷியமும் வைட்டமின் டி-யும். மற்றப் பாதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை. எட்டு வாரப் பயிற்சி முடிவில், சத்து சாப்பிட்டவர்களிடையே விரிசல் 20 சதவிகிதம் குறைவாக இருந்தது என்று 2008-ல் வெளியிட்டார்கள். இதைப் படித்துவிட்டு மருந்துக் கடைக்கு ஓட வேண்டாம். ரத்தம் பார்த்து, டாக்டர் சொன்னால் சாப்பிடலாம். பால், தயிர், கேழ்வரகு, தலையோடு தின்னும் சின்ன மீன் எல்லாம் சமையலறையிலேயே இருக்கின்றனவே.

இன்னொரு பட்டாளத்துச் சமாசாரம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இஸ்ரேல் ராணுவத்தில் 295 புதுச் சிப்பாய்களைத் தொடர்ந்து கவனித்ததில், 14 வாரப் பயிற்சிக்குள் 31 சதவிகிதம் பேருக்கு எலும்பு விரிந்திருந்தது. 1985-ல் வெளிவந்த கணக்கு இது. பூட்ஸை மாற்றிப் பார்த்தார்கள், மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். ஏறத்தாழ 25 வருஷம் போராடின பிறகு, நன்றாகப் பலன் கொடுத்தவை இரண்டு: நடக்கிற மொத்த தூரத்தைக் குறைத்தது ஒன்று, ராத்திரி 6 மணி நேரமாவது தூங்கியே ஆக வேண்டும் என்று உத்தரவு போட்டது மற்றொன்று. விரிசல்கள் பாதிக்குமேல் குறைந்துவிட்டன. பட்டாளத்தில் சேருவதற்கு முன் இரண்டு வருஷமாவது கூடைப்பந்து ஆடினவர்களுக்கு விரிசல் குறைவாக வந்தது என்றும் கண்டார்கள். தாவிக் குதித்து ஆடினால் எலும்பு மெள்ள மெள்ள உரமேறுகிறது. 'சாயங்காலம் விளையாடினது போதும், புஸ்தகத்தை எடு' என்று அதட்டுகிற பெற்றோர்கள் இந்த வரியைத் தாண்டிப் போய்விடலாம்!

ஓட்டத்துக்குப் பழகுகிறவர்கள் மூன்று மாதம் முன்னாலேயே தொடங்கிவிட வேண்டும். முதலில் நடை, பிறகு ஓட்டமும் நடையும் கலந்து. வாரா வாரம் தூரத்தைச் சிறிது கூட்டி, மூன்று நாலு வாரத்துக்கு ஒரு தடவை வேண்டுமென்றே ஒரு வாரம் குறைத்துக்கொள்வது நல்லது. வாரத்தில் ஒரு நாளாவது கால்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வேண்டும். அடித்தட்டு தேய்ந்து ஒரு பக்கம் சாய்ந்துபோன ஷூவை, புதிசு வாங்கப் பணமில்லை என்று மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டு ஓட வேண்டாம். சிகரெட் பிடிக்கிறவர்களுக்கு எலும்பு கூடுவதும் தாமதப்படும். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிற பக்தர்களுக்கும் இதே கணக்குத்தான். வருஷம் பூராவும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு, ஒரு வாரத்தில் வெறுங்காலோடு பல நூறு ஆயிரம் அடி வைப்பதற்கு முன், இரண்டு மாதமாவது தினம் நடந்து பழகிக்கொள்வது உசிதம். ஐம்பதைத் தாண்டிய பெண்களுக்கு எலும்பில் உரம் குறைந்திருக்கும். அவர்கள் இன்னும் நிதானமாகக் கூட்ட வேண்டும்.

'காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் ஊசியாகக் குத்துகிறது, நாலு அடி நடந்தால் சரியாகிவிடுகிறது, இதுவும் அந்த விரிசல்தானா?' என்று எங்கள் தெரு மாமி ஒருவர் கேட்டார். இல்லை மாமி, அது வேறு ஆசாமி. அவரை அடுத்த வாரம் கவனித்துக்கொள்வோம்.